மாடி வீட்டுச் சத்தம்

“போச்சு! கீழ் வீட்டு டிரைவர் படியேறி வர்றார்,” என்று ஜன்னலிலிருந்து தலையை இழுத்துக்கொண்டான் கணவன்.

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். கூடத்தில் அவர்களுடைய ஏழு வயது மகள் குருவி சோபாவிலிருந்து தரைக்குக் குதித்துக்கொண்டிருந்தாள். ‘தொம்’மென்று ஒரு குதி, உடனே கெக்கெக்கேவென்று ஒரு சிரிப்பு.

“வாடகை வீடுடி இது. டாக்டருக்குப் போன் போட்டு, மாத்திரையைப் பழைய அளவுக்கே ஏத்திடலாம்.”

“வாயைக் கழுவுங்க! தலையைச் சுவத்துல முட்டிக்கிறாளேன்னு மாத்திரை ஆரம்பிச்சோம். முட்டறது நின்னுச்சு, இல்லேங்கலை. கூடவே சிரிப்பும் போயிடுச்சே! பொம்மை மாதிரி மூலையில உட்கார்ந்திருந்தாளே, மறந்துட்டீங்களா? டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, இப்பதான் குழந்தை குழந்தையா இருக்கா.”

அழைப்பு மணி அடித்தது.

டிரைவர் குடிவந்து இரண்டு மாதமாகிறது. சிரித்து யாரும் பார்த்ததில்லை. வாசலில் சிவந்த கண்களோடு நின்றார்.

“மன்னிச்சுக்குங்கண்ணே,” என்று அவள் முந்திக்கொண்டாள். “விடியறதுக்கு முன்னாடி பஸ் எடுக்கிறீங்க. பகல்ல கண்ணசரலாம்னா இவ விடமாட்டேங்கிறா.”

“மூணு வாரமாத்தானே இந்தச் சத்தம்?”

“ஆமாண்ணே. குழந்தைக்கு ஆட்டிசம். மாத்திரையைக் குறைச்சதுலேர்ந்து இப்படி…”

“என்ன மாத்திரை?”

தயங்கித் தயங்கிப் பெயரைச் சொன்னாள். அவர் முகம் மாறியது.

“நீங்களாவா குறைச்சீங்க?”

“ஐயோ, இல்லைண்ணே! வாராவாரம் டாக்டர் பார்த்துத்தான் குறைச்சார். நாளைக்கே மெத்தை வாங்கி விரிச்சிடறோம். வீட்டு ஓனர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

உள்ளே மறுபடி ‘தொம்’. கூடவே சிரிப்பு.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது டிரைவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உதட்டில் சிரிப்பு.

“மெத்தை கித்தை வாங்கிடாதீங்கம்மா! மேல உங்க பொண்ணு குதிச்சா, கீழ எம் பொண்ணு கூரையைப் பார்த்துச் சிரிக்கிறா. ஒரு வருஷமாச் சிரிக்காம இருந்தவ. அவளுக்கும் இதே மாத்திரைதான். எந்த டாக்டர்னு சொல்லுங்க, நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்.”

கீழ் வீட்டில் ஒரு குழந்தை இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.