காலிப் போசி

கன்று அலுமினியப் போசியில் இருந்த தீவனத்தை மோந்தது. தும்மியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவள் போசியை இன்னும் கிட்டத்தில் நகர்த்தி வைத்தாள்.

மறுபடியும் தும்மல்.

ஒரு பிடி அள்ளி அதன் வாயில் வைத்துப் பார்த்தாள். நாக்கால் வெளியே தள்ளியது. தீவனம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் தினமும் போசியைக் காலி செய்தது யார்?

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பனியன் கம்பெனி வேன் வராது. மற்ற நாளெல்லாம் விடிவதற்குள் கன்றுக்குப் பாட்டில் பாலைக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். வெயில் ஏறிய பிறகு போசியில் தீவனம் வைப்பது வீட்டுக்காரன் பொறுப்பு. சாயங்காலம் வேனை விட்டு அவள் இறங்கும்போது போசியைத் தூக்கிக் காட்டுவான்.

"பாரு, நக்கி வெச்சிருக்குது."

அவளுக்கு அப்படியொரு சந்தோஷம். கம்பெனியில் நின்று நின்று வீங்கிய கால்கூட அப்போது வலிக்காது.

தாய் மாடு கன்று போட்டதோடு சரி, எழுந்திருக்கவில்லை. அவள் பிறந்த வீட்டில் கொடுத்த மாடு. ஈரம் காயாத கிடாரிக் கன்றை மடியில் போட்டு, இன்னொரு மாட்டின் பாலைப் பாட்டிலில் ஊற்றி, நிப்பிளை வாயில் திணித்துத் திணித்துப் பிழைக்க வைத்தாள். பெற்ற பிள்ளையைக்கூட இப்படி வளர்த்திருக்க மாட்டாள் என்று அக்கம்பக்கத்தில் கேலி பேசினார்கள். பேசட்டுமே.

பாலை எப்போது மறக்கடிப்பது என்பதுதான் பெரிய கவலை. அவசரப்பட்டால் கன்று தேறாது. தீவனத்தை ஒரு வாரம் தொடர்ந்து அதுவாகத் தின்று முடிக்கட்டும், அதற்கப்புறம் பாலை நிறுத்து என்று மாட்டு டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு வாரமும் போசி காலியாக இருந்தது. நடுவில் வந்த ஞாயிறும் அவளுக்குக் கம்பெனியில் ஓவர்டைம்.

செவ்வாய்க்கிழமை பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து கன்று கத்தியது. அவளைக் கண்டால் முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. சேலைத் தலைப்பை இழுத்துச் சப்பியது. பழக்கம் விடுகிறவரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்றான் அவன். அவளும் நம்பினாள். கட்டினவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கன்றின் மூக்கிலேயே ஓர் அடி வைத்தாள். வயிறு முட்டத் தின்றுவிட்டு நடிப்பு வேறா உனக்கு என்று ஏசினாள்.

பகல் வெளிச்சத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறாள். விலா எலும்பு தெரிகிறது.

போசியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

கோழிகள் ஓடி வந்தன.

அவள் காலடியில் அவை நிற்கவில்லை. அவளை முந்திக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போயின. அவளும் பின்னாலேயே போனாள். குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் ஓரிடத்தில் கும்பலாக நின்று, அவள் கையில் இருந்த போசியை அண்ணாந்து பார்த்தன.

அட பாவி மனுசா.

போசி தவறிக் கீழே விழுந்தது. கோழிகள் பழகின இடத்தில் பழகினபடி கொத்தித் தின்றன.

சத்தம் கேட்டு அவன் வந்தான். வாயெல்லாம் பற்பசை நுரை. கோழிகளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், நுரையைத் துப்பினான்.

"அக்காளோட புது வீட்டுப் புண்ணியார்ச்சனைக்குக் கன்னுக்குட்டி சீர் வெக்கறேன்னு நாலு பேர் முன்னால சொல்லிப்போட்டேன். அவ பாட்டில் புடிச்சுட்டு உக்கார மாட்டா. பால் மறந்த கன்னாத்தான் வேணும்னா. நீ ஒத்துக்க மாட்டேன்னுதான் சொல்லுல."

சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அழுதிருப்பாள். அப்புறம் நாத்தனாரின் புது வீட்டுக்குத்தானே என்று, வளர்ந்த பிறகு கொடுத்தும் இருப்பாள். கேட்கவே இல்லையே அவன். தீவனம் தின்னத் தெரியாத கன்றை அனுப்பினால் அங்கே எத்தனை நாள் தாங்கும்? மாடு மேய்த்தவனுக்கு அது தெரியாதா?

"நம்ப வெச்சுக் கழுத்த அறுத்துப்போட்டீங்களே. என்ற கையாலயே அதைப் பட்டினி போட வெச்சீங்களே."

அவன் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

அவள் உள்ளே போய்ப் பாலை வெதுவெதுப்பாக்கிப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தாள். கை நீண்டதும் கன்று மூக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. அடி விழும் என்று நினைத்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே நிப்பிளைப் பிதுக்கி அதன் உதட்டில் இரண்டு சொட்டு விட்டாள்.

அப்புறம் பிடித்துக்கொண்டது.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. நாத்தனார் வசந்தாமணி. ஒற்றைக் கையால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனம்மிணி, கன்னு பாலை மறந்துருச்சுன்னு தம்பி சொன்னான். நாளைக்கு வண்டி அனுப்பட்டுமா?"

அவன் இரண்டு கையையும் கூப்பினான். ஆமான்னு சொல்லு என்று உதட்டை மட்டும் அசைத்தான். அவன் கும்பிட்டு அவள் பார்த்ததே இல்லை, கோயிலில் தவிர.

அவள் போனைக் கன்றின் வாயருகே கொண்டுபோனாள்.

கன்று முட்டி முட்டிக் குடித்தது. கடைவாயில் நுரை வழிந்தது. நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சப்பியது.

"அதென்ன அம்மிணி சத்தம்?"

அவள் போனை அவனிடம் நீட்டினாள்.