பந்தி வாசலில் ஒரு பட்டினி

சென்னியப்பன் வீட்டுக் கல்யாணத்தில் இருபத்தேழு வகைச் சமையல். அதற்காகப் பூமி படும் பாட்டை ஈடுகட்ட, சட்டப்படி ஆறு பேர் நாலு நாள் பட்டினி கிடக்க வேண்டும். ஒருவர் தவறினால், அந்தப் பட்டினி வீட்டுக்காரர் தலையில் விழும்.

"நாலு நாளுதானுங்க அம்மிணி. பூமி பொழைக்கட்டும்" என்று சொல்லித்தான் அந்த ஆறு பேரில் ஒருத்தியான துளசிமணியின் கையில், பட்டினியைக் கண்காணிக்கும் பச்சை விளக்குக் காப்பை மாட்டினார் சென்னியப்பன். மூன்றாம் நாளான இன்று அவளைப் பந்தி வாசலில் காட்சிக்கு உட்கார்த்தியிருந்தார்கள். பாதிச் சோற்றை இலையில் விட்டுவிட்டு வந்தவர்கள், ஏப்பத்தோடு அவளைக் கும்பிட்டுப் போனார்கள். மீசையில் பாயசம் வழியக் கும்பிடு போடும் இந்த ஜென்மங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மதியம், சம்பந்தி பார்க்கிறாரே என்ற மிதப்பில், வாசலில் நின்ற எல்லோரையும் சென்னியப்பன் உபசரித்தார். வாய்ப் பழக்கத்தில் இவளையும் விடவில்லை.

"ஏனுங்க அம்மிணி, கல்யாண ஊட்டுல கை நனைக்காமப் போலாமுங்களா? சாப்புட்டுத்தான் போகோணும்!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சம்பந்தி முன்னால் சொன்னதைத் திரும்பப் பெற நாக்கு எழவில்லை.

துளசிமணி போய் இலை முன் உட்கார்ந்தாள். முதல் கவளத்திலேயே காப்பு சிவந்தது. சென்னியப்பன் பதறி ஓடிவந்தார்.

அவள் அவசரப்படாமல் பாயசம்வரை சாப்பிட்டாள். பிறகு எச்சில் கையாலேயே காப்பைக் கழற்றி அவர் மணிக்கட்டில் மாட்டினாள்.

"நாலு நாளுதானுங்க. பூமி பொழைக்கட்டும்."