கத்தரி துணிக்குள் இருக்கும்போது

வெட்டு மேசையில் பச்சை வெல்வெட் விரிந்து கிடக்கிறது. நாளை மேடையேறும் பாடகியின் கவுனுக்கு இருப்பது இந்தத் துணி மட்டும்தான். அண்ணி கத்தரியை எடுக்கிறாள். கத்தரி துணிக்குள் இருக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது இந்தத் தையல் கடையில் அவள் போட்ட சட்டம். எதிரே ஊசி கோக்கும் நாத்தனாரின் கை பாதியில் நிற்கிறது. ஏற்கெனவே வெட்டிய முன்பக்கம் அதே வாக்கில் பக்கத்தில் கிடந்து வெளிர்பச்சையாக மின்னுகிறது. மேசையில் இருப்பதோ கரும்பச்சையாகத் தெரிகிறது. வெல்வெட்டின் மயிர் சாயும் திசை மாறி, துணி தலைகீழாகக் கிடக்கிறதோ? விளக்கு செய்யும் மாயமோ? நேற்று இப்படித்தான் நாத்தனார் வாடிக்கையாளர் முன்னாலேயே "அளவு தப்பு" என்று கத்தி, கடைசியில் டேப்பைத் தப்பாகப் பிடித்தது இவள்தான் என்று ஆனது. அவசரக்குடுக்கை என்று பெயரும் கிடைத்தது. இன்று எழுந்து போய் இரண்டின் ஓரத்தையும் ஒரே திசையில் விரலால் தடவுகிறாள். முன்பக்கம் வழுக்குகிறது. இது சொரசொரக்கிறது. மறுபடியும் தடவுகிறாள். கறுக், கறுக் என்று கத்தரி நகர்கிறது.

"அண்ணி, நிறுத்துங்க! துணி தலைகீழா கிடக்கு."

கத்தரி வாயைப் பிளந்தபடி நிற்கிறது. அண்ணி குனிந்து தடவிப் பார்க்கிறாள். ஒரு விரல் நீளத்துக்கு வெல்வெட் பிளந்துவிட்டது.

"எப்ப பாத்தே?"

"நீங்க கத்தரி எடுக்கறப்பவே."

"அப்புறம் இவ்வளவு நேரம் வாயில என்ன, குண்டூசியா வச்சிருந்தே?"