கிருமி கேட்ட மாங்காய்

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எங்களுக்கு ஆளுக்கொரு கிருமிச் சட்டை உண்டு. அதன் முதுகுப் புட்டியில் மாங்காய்ச் சாறு ஊற்றினால், சாற்றிலுள்ள மாலேட் என்ற மாங்காய்ப் புளிப்பைக் கிருமி தின்று, பிடுங்கிய எலக்ட்ரானைக் குயினோன் என்ற சுமைதூக்கி மூலக்கூறின் தலையில் கட்டிவிடும். அந்த மின்சாரத்தில் இருநூறு கிலோவைச் சட்டை தூக்கும், பேர் நமக்கு.

மசக்கையில் கிடந்த பொண்டாட்டி மாங்காய் கேட்டாள் என்று, சட்டைக்கென்று கம்பெனி கொடுத்த மாங்காயைத் தேசப்பன் அவளிடம் கொடுத்துவிட்டான். புட்டியில் புளியைக் கரைத்து ஊற்றிக்கொண்டு வேலைக்கு வந்தான்.

"டேய், கிருமி கண்டுபிடிச்சிடாதா?" என்றேன்.

"புளிப்பு புளிப்புதான் மச்சான். இது என்ன மாசமாவா இருக்குது, மாங்காதான் வேணும்னு அடம்பிடிக்க?"

அடம்பிடித்தது. கப்பலேறும் பலகையில் பாதி வழியில் சட்டை நின்றுபோய், இருநூறு கிலோவும் தேசப்பன் முதுகில் இறங்கியது. நாங்கள் மூட்டையைப் புரட்டித் தள்ளியபோது அவன் குப்புறக் கிடந்தான்.

மேஸ்திரி புட்டியை மோந்து பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டார். பத்தே நிமிஷத்தில் வந்த டாக்டர், சட்டையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, சொட்டுச் சொட்டாக மாலேட் ஏற்றினார்.

"சார், எனக்குக் கால் அசையலை," என்றான் தேசப்பன்.

"நான் கிருமி டாக்டருப்பா," என்றார் அவர்.