ஈரத் துண்டு

தமயந்தி ரத்தப் புற்றுநோயோடு மல்லுக்கட்டிய பதினோரு மாதமும், அவள் மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள் போர்ட்டிகோவில் சும்மா நின்றது. வீட்டார் அதன் ஹேண்டில்பாரில் ஈரத் துண்டுகளைக் காயப்போட்டார்கள். அவள் பிழைத்து வந்ததும், எங்கே மலைக்குக் கிளம்பிவிடுவாளோ என்று பயந்து டயர்களில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். பாசம்தான், வேறென்ன. பக்கத்திலேயே ஓர் உடற்பயிற்சி சைக்கிளையும் வாங்கிப் போட்டார்கள்.

"என்மேல பத்து கிலோமீட்டர் ஓட்டினாலும் விழமாட்டா," என்றது புதுசு.

"ஓட்டி எங்க போய்ச் சேருவா?" என்று கேட்டது பழசு.

"எங்கயும் போக வேணாம். எதிர்ல சுவர் இருக்கு, பாத்துக்கிட்டே ஓட்டலாம்."

ஒருநாள் காலையில் தமயந்தி பம்போடு வந்தாள். பன்னிரண்டு அடி அடித்ததுமே மூச்சு வாங்கியது. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புதுசு சிரித்தது. "காத்தடிக்கவே முடியல. மேடு எப்படி ஏறுவா?"

"ஏற முடியாத இடத்துல இறங்கித் தள்ளுவா. உனக்கென்ன?"

தமயந்தி எழுந்து அடித்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து அடித்தாள். இரண்டு டயரும் கல் மாதிரி ஆனதும் ஏறிப் போய்விட்டாள்.

மத்தியானம் திரும்பியபோது சைக்கிளின் சக்கரமெல்லாம் சேறு. அவள் முழங்கையில் சிராய்ப்பு. அவள் குளித்து முடிக்கப் போகிற நேரத்தில் புதுசு மெல்லக் கேட்டது.

"விழுந்தாளா?"

"ரெண்டு தடவை."

"நான் அப்பவே சொன்னேன்…"

அது முடிப்பதற்குள், குளித்துவிட்டு வந்த தமயந்தி தன் ஈரத் துண்டை உதறிப் புதுசின் ஹேண்டில்பாரில் காயப்போட்டாள்.