ஸ்பீக்கர் மேல் ஒரு அம்மா

"யக்கா, அந்தம்மாவ மொதல்ல எழுப்பு. ஸ்பீக்கர் பெட்டி என்ன முக்காலியா?"

விழா செயலாளர் பாலமுருகன் கத்தியது மைக்கிலும் கேட்டுவிட்டது. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

மைக் செட் வைத்திருக்கும் புஷ்பலதா ஒயரைப் பிரித்துக்கொண்டே, "அந்தப் பெட்டி அங்கதான் இருக்கணும்" என்றார்.

இருந்ததே இரண்டு பெட்டிதான். ஆரணியில் ஒரு நெசவுத் தெருவின் கூழ் ஊற்றும் விழாவுக்கு அதற்கு மேல் கட்டுப்படியாகவில்லை. ஒரு பெட்டி மேடைக்குப் பக்கத்தில் பெஞ்சு மேல் நின்றது. இன்னொன்று தரையில். அதன் மேல்தான், இரண்டு உள்ளங்கைகளையும் பலகையில் ஊன்றி, குணசுந்தரி உட்கார்ந்திருந்தார். அன்று மேடையில் பம்பை வாசிக்கப்போகும் சரண்யாவின் அம்மா. பக்கத்துத் தெருக்காரர்.

பாலமுருகனின் பதற்றத்துக்குக் காரணம் கடைசி வரிசையில் இருந்தது. படவேட்டில் பம்பைக் குழு நடத்தும் மாணிக்கவேல் வந்திருந்தார்.

"பொம்பளப் புள்ளய நாங்க குழுவுல சேத்ததில்ல. வாசிக்கிறத கேட்டுட்டுச் சொல்றேன்" என்றவரை முன்னால் கூப்பிட்டும் வரவில்லை.

"கோயில்ல கடைசி ஆளுக்கும் கேக்கணும்பா. நான் இங்கயே இருக்கேன்."

ஆடிக் காற்றோ சத்தத்தையெல்லாம் ஆற்றுப் பக்கம் அள்ளிக்கொண்டு போனது. 'மைக் டெஸ்டிங்' கடைசி வரிசைக்கு வெறும் முணுமுணுப்பாகத்தான் போய்ச் சேர்ந்தது.

பாலமுருகன் குணசுந்தரியின் எதிரில் போய் நின்றார். "கொஞ்சம் எழுந்திருங்கம்மா. பெட்டிய மேல ஏத்தணும்."

குணசுந்தரி சிரித்தார். தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை.

"பாத்தியாக்கா கெத்த? பொண்ணு மேடை ஏறுறதுக்குள்ள இவங்க சிம்மாசனம் ஏறிட்டாங்க."

"விடு தம்பி. அங்க வைக்கச் சொன்னது சரண்யாதான்."

"அதுக்குப் புத்தி வேணாம்? அதோட பொழப்பு கடைசி வரிசையில உக்காந்துகினு இருக்குது. பெத்தவங்க பெட்டி மேல உக்காந்துகினு இருக்காங்க. பேஜாருக்கா!"

புஷ்பலதா பெஞ்சு மேல் இருந்த பெட்டியை அணைத்துத் தூக்கினார். "ஒரு கை புடி. ஜல்தி."

செட்டு ஏற்றி வந்த மினி வேன் கூட்டத்தின் பாதி வரைக்கும் பின்னால் போனது. அதன் கூரை மேல் பெட்டி ஏறியது. கயிறு போட்டுக் கட்டினார். ஒயர் எட்டவில்லை. மேடை விளக்கின் ஒயரை அவிழ்த்து ஒட்டுப்போட்டார்.

"அப்ப லைட்டு?"

"பொழுது சாயறதுக்குள்ள வாசிச்சு முடிச்சுடும்."

சரண்யா பம்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடை ஏறினாள். ஒரு தடவை அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையைப் பலகையில் அழுத்திக்கொண்டார்.

முதல் அடி விழுந்ததும் கூட்டத்தில் பேச்சு நின்றது. வேன் மேலிருந்து இறங்கிய சத்தம் காற்றையும் தாண்டி, தெருக்கோடி வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்களையும் வாசலுக்கு இழுத்து வந்தது. மாணிக்கவேல் எழுந்து நின்றே கேட்டார்.

முடிந்ததும் ஒரே விசில். மாணிக்கவேல் மேடையை நோக்கி நடந்து வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், மைக் இல்லாமலே தெருவுக்கே கேட்கும் குரலில் குணசுந்தரி சொன்னார்:

"கடைசி சுத்துல ஒரு அடி முந்திடுச்சுடி! தறியில இப்படி முந்தி மிதிச்சா இழை அறுந்துடும்!"

பாலமுருகன் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. ஊருக்கெல்லாம் நல்லா இருந்தது, இவங்களுக்கு மட்டும் குத்தமா பட்டுச்சா?"

"இல்லப்பா, முந்தத்தான் செஞ்சுது" என்றார் மாணிக்கவேல். "எனக்கு மட்டும்தான் தெரிஞ்சுதுன்னு நெனச்சுகினு வந்தேன்."

பிறகு சரண்யாவிடம் திரும்பினார். "வர்ற வெள்ளிக்கிழம படவேட்டுக்கு வந்துடும்மா. இந்த வாசிப்புக்கு ஆம்பளைன்னும் பொம்பளைன்னும் பாக்கிறதுக்கு இல்ல. ஒரு தப்பு இருந்தாலும் சொல்றதுக்கு வீட்லயே ஆளு வச்சிருக்க. உங்கம்மாவுக்கு என்னா காதும்மா!"

சரண்யாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை இன்னும் பெட்டி மேலேயே இருந்தது.

"அம்மாவுக்கு ரெண்டு காதும் கேக்காதுங்கய்யா. நான் வாசிக்கிறது அந்தப் பெட்டி வழியா ஒடம்புல ஏறினாத்தான் அவங்களுக்குத் தெரியும்."