இருபத்துநாலு மணி நேரத் தயிர்

"இன்னும் நாலு நிமிஷம் இருக்கு. யாரும் மூடியத் தொடக்கூடாது."

கோதண்டபாணி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார். 'யாரும்' என்றது, சமையலறை நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்த மனைவி பூங்காவனத்தை. அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.

மேசைமேல் ஐஸ் பெட்டி. உள்ளே, சூடு தங்குவதற்காக வைத்த வெந்நீர்ப் புட்டிகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் பால், நேற்று மாலை நாலு மணியிலிருந்து. மூடியில் ஓர் அறிவிப்பு: 'அசைக்கக் கூடாது.' தமிழில் ஒன்று, மலாய் மொழியில் ஒன்று. கீழே கையெழுத்து, தேதி.

நில அலுவலகத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்தில்லாமல் அவருக்கு எதுவும் நடந்ததாக ஆகாது.

முப்பத்தாறு வருஷம் பூங்காவனம் பாலில் விரலை விட்டுப் பார்த்து, ஒரு கரண்டி மோரை ஊற்றிவிட்டுப் படுக்கப் போவாள். காலையில் உறைந்திருக்கும். அதை ஒரு சாதனை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இவர் சொன்னார். பாலில் இருக்கும் சர்க்கரையை இருபத்துநாலு மணி நேரத்தில் கிருமிகள் மிச்சமில்லாமல் தின்றுவிடும், அப்புறம் குடலுக்கு வேலையே இல்லை என்று கோயில் கமிட்டியில் சொன்னார். முடிவெட்டும் கடையில் சொன்னார். மீட்டர் பார்க்க வந்தவரையும் விடவில்லை.

பூங்காவனத்துக்குக் குடல் புண் ஆறி எடை நாற்பது கிலோவைத் தொட்டால் ஆபரேஷன் செய்யலாம் என்று மூன்று மாதத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். வயிற்றில் இருக்கும் கட்டியை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள்.

பூங்காவனம் முப்பத்தேழில் நின்றாள்.

மணி நாலு. கோதண்டபாணி மூடியைத் திறந்து, கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். அசையவில்லை. கும்பாபிஷேகம் பார்த்தவர் போல ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வாசம் வந்தது. பின்னாலேயே அடுத்த வீட்டு ரொகாயா, கையில் டப்பாவோடு.

"அக்கா, எங்க மரத்து டுரியான் பழம். இப்பத்தான் விழுந்துச்சு."

"உங்க அன்புக்கு ரொம்ப நன்றி," என்று கோதண்டபாணி வாசலிலேயே மறித்தார். "ஆனா நோயாளி பத்தியத்துல இருக்காங்க."

"நோயாளிக்கு வாய் இருக்கு," என்றாள் பூங்காவனம். "ஒரு சுளைங்க. ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணுன்னு நீ சொல்லுவ. குடல் கேக்குமா? அடுத்த சீசனுக்கு முழுப் பழமா வாங்கி நானே பிளந்து தர்றேன்."

"நீங்க? தேங்காயே உடைக்கத் தெரியாதே உங்களுக்கு."

"ஏன், பழகிக்கறேன்."

பூங்காவனம் அவரையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு ரொகாயாவிடம், "வீட்டுல பிள்ளைங்களுக்குக் குடும்மா," என்றாள். ரொகாயா டப்பாவைத் துணிக்குள் மறைத்துக்கொண்டு போனாள். வாசம் போகவில்லை.

தயிர் பல்லைக் கூசவைத்தது. அவள் கையில் சமையலறை இருந்த காலத்தில் இந்தப் புளிப்புக்கு வந்ததை மோர்க்குழம்பில் தள்ளிவிடுவாள். கோதண்டபாணி குனிந்து அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு வாயும் உள்ளே இறங்குகிற வரைக்கும்.

"எப்படி?"

"கத்தி வச்சு வெட்டலாம் போல இருக்கு. இன்னொரு கரண்டி வைங்க."

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வாசலில், வண்டி நிறுத்துவது பற்றி அவர் காவலாளிக்குச் சட்டம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே டாக்டரம்மா பூங்காவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள். ஆபரேஷன் செய்து இனிப் பயனில்லை. பத்தியமும் இனி வேண்டாம். ஆசைப்பட்டதையெல்லாம் சாப்பிடலாம்.

"வீட்டுக்காரர்கிட்ட நான் சொல்லட்டுமாம்மா?"

"வேணாம் டாக்டர்," என்றாள் பூங்காவனம். "இப்பத்தான் அவரு தயிரு உறைய ஆரம்பிச்சிருக்கு."